கண்மாய்க் கரையில் ஒரு மலைச் சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிப் பக்கம் ஓட்டிவிட்டு வந்து, வாசலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டயரில் ஏறியிருந்த முள்ளை எண்ணிப் பார்த்தேன். பின் டயரில் பதினொன்று, முன் டயரில் நான்கு. எல்லாம் சீமைக் கருவேலம், எங்கள் பக்கப் பேச்சில் வேலிக்காத்தான். அதில் பெரிய முள் ஒன்றைக் கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன், முக்கால் இஞ்ச் நீளத்துக்கு முனை முறியாமல் வந்தது. உஸ்ஸென்று ஒரு நொடி காற்று போனது, ஓட்டை வழியே, டயருக்குள் ஊற்றிவைத்திருக்கிற சீலன்ட் பால் சொட்டு மாதிரி கொப்புளித்தது, சக்கரத்தைச் சுற்றி அந்த ஓட்டையைக் கீழே கொண்டுவந்ததும் உள்ளே இருக்கிற திரவம் அங்கே தேங்கி அப்படியே அடைத்துக்கொண்டது. விரலால் தடவினால் காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான்.

மதுரையில் எம்.டி.பி., அதாவது மலைச் சைக்கிள், ஓட்டுவதைப் பற்றி எழுதச் சொல்லி நண்பர்கள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். இந்தப் பதினைந்து முள்ளில் தொடங்கலாம் என்று தோன்றியது. எந்த வண்டி வாங்குவது, எந்த டயர் போடுவது, எவ்வளவு காற்று அடிப்பது என்று என்னிடம் கேட்கிற எல்லாரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மண்ணில் ஓட்டப்போகிறீர்கள்? கனடாவிலும் ஆல்ப்ஸிலும் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு வாங்கினால் அந்த மண்ணுக்கான வண்டிதான் வீட்டுக்கு வரும். நமக்கு இருப்பது முள், சரளை, மணல், பாறை, கரிசல், அப்புறம் காலை ஒன்பது மணிக்கே தலையைப் பிளக்கிற வெயில்.

அடுத்ததாக எல்லாரும் கேட்கிற கேள்வி, மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள் எதற்கு என்பது. மதுரையைச் சுற்றி மலை இல்லை என்று யார் சொன்னது? மேற்கே நாகமலை பாம்பு மாதிரி நீளமாகக் கிடக்கிறது, அதன் பக்கத்தில் சமணர் மலை, ஒத்தக்கடையில் யானைமலை, வடக்கே அழகர்மலை. ஆனால் நான் இந்த மலைகளின் மேல் ஓட்டுவதில்லை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்ததை எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. சமணர் மலைப் பாறையோ ஆயிரம் வருடத்துக்கு மேலான சிற்பங்களும் கல்வெட்டுகளும் இருக்கிற இடம், அங்கே டயர் படவே கூடாது. நான் ஓட்டுவது மலைகளின் அடிவாரத்தில், ஒரு கண்மாயிலிருந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற கரைகளிலும், ஆடு மாடும் ஆளும் நடந்து நடந்து உண்டான ஒத்தையடிப் பாதைகளிலும்தான். வெளிநாட்டில் ‘சிங்கிள் டிராக்’ என்று காசு செலவழித்து வெட்டுகிறார்களே, அதை நம் ஊரில் ஆடுகள் தினமும் இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

கண்மாய்க் கரையில் சைக்கிள் ஓட்டுவது எங்கள் குடும்பத்தில் என்னோடு தொடங்கியதும் இல்லை. திருமங்கலம் பக்கத்தில் இருந்த என் தாத்தா ஒரு ஹெர்குலஸ் வைத்திருந்தார், கம்பி பிரேக், கியர் கிடையாது, பின்னால் இரும்புக் கேரியர். அதில் யூரியா மூட்டையைக் கட்டிக்கொண்டு கரை மேலேயே ஓட்டி வயலுக்குப் போவார். மடைக்குப் பக்கத்தில் கரை குறுகுகிற இடத்தில்கூட இறங்க மாட்டார். அந்த டயரில் 28 × 1½ என்று போட்டிருக்கும். பல வருடம் கழித்து 29 இஞ்ச் சக்கரம் வைத்த எம்.டி.பி. வாங்கியபோது, பெரிய சக்கரம் என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அளவைத் தேடிப் பார்த்தால், 29 இஞ்ச் என்று சொல்கிற ரிம்மின் விட்டம் 622 மில்லிமீட்டர், தாத்தாவின் சைக்கிள் ரிம் 635. டயர் தடிமனால்தான் புதுசு உயரமாக நிற்கிறது, ரிம்மைப் பார்த்தால் தாத்தாவுடையதுதான் பெரியது. குண்டும் குழியுமான பாதையில் பெரிய சக்கரம் சுலபமாக உருளும் என்று இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், அவர் அதை ஓட்டியே தெரிந்துவைத்திருந்தார்.

மலைச் சைக்கிள் பிறந்த கதையும் பழைய சைக்கிளில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், மரின் கவுன்ட்டியில் டமால்பயஸ் என்று ஒரு மலை. எழுபதுகளில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் முப்பது நாற்பதுகளில் வந்த ஷ்வின் மாதிரியான கனத்த சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, தடித்த டயரோடு மண் பாதைகளில் இறக்கத்தில் விட்டார்கள். 1976-ல் ஒரு போட்டியே தொடங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற கோஸ்டர் பிரேக் அந்த இறக்கத்தில் சூடாகி, ஹப்பில் இருக்கிற கிரீஸ் புகைந்து போய்விடும், கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அடுத்த வருடம், 1977-ல், அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் இதற்கென்றே ஃபிரேம் செய்தார். 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளைப் போட்டியாகவே சேர்த்துவிட்டார்கள். இருபது வருடத்தில் எவ்வளவு தூரம்! அவர்கள் கையில் முதலில் இருந்தது தாத்தாவின் ஹெர்குலஸ் மாதிரி ஒன்றுதான் என்று நினைக்கும்போது எனக்கு அவர்கள் மேல் ஒரு பாசமே வந்துவிடுகிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

முதல் வண்டியை நான் தப்பாக வாங்கினேன். என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், எனக்கு மீடியம் ஃபிரேம் வேண்டும். கடையில் லார்ஜ்தான் இருந்தது, “சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கலாம் தம்பி” என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், நானும் ஆசையில் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சீட்டை முன்னால் தள்ளுவதால் ஃபிரேம் சிறிதாகாது. ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்துப் பிடித்து ஆறே மாதத்தில் இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போக ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் பாதி விலைக்கு விற்றேன். வண்டி வாங்கப் போகிறவர்கள் பிராண்டையும் கியர் எண்ணிக்கையையும் பார்ப்பதற்கு முன்னால், ஃபிரேமுக்கு இரண்டு பக்கமும் காலை ஊன்றி நின்று பாருங்கள், மேல் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல்கடையாவது இடம் இருக்க வேண்டும். பெடலில் எழுந்து நின்று முழங்கையை லேசாக மடக்கி வைத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சரியான சைஸ் கடையில் இல்லையென்றால் காத்திருங்கள். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

இரண்டாவது வண்டி ஒரு ஹார்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். மதுரைக்கு ஹார்டெயில் போதும் என்பதுதான் என் முடிவு. பின்னாலும் ஷாக் வைத்த ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி, பெரிய பாறைகளும் வேர்களும் நிறைந்த நீளமான இறக்கங்களுக்கு அருமையானது. எங்கள் கரைகளில் அதற்கு வேலை இல்லை. கூடவே அதில் அத்தனை மூட்டு, அத்தனை பேரிங், எங்கள் புழுதி எல்லாவற்றுக்குள்ளும் போகும், ஷாக்கைப் பிரித்து சர்வீஸ் பண்ணத் தெரிந்த ஆளைத் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டும். அந்தப் பணத்தில் பாதியை நல்ல ஃபோர்க்கிலும், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற கவையிலும், டயரிலும் போடுங்கள்.

ஃபோர்க்கில் இரண்டு வகை இருக்கிறது, ஸ்பிரிங் வைத்தது, காற்று அடைத்தது. ஆரம்ப விலை வண்டிகளில் ஸ்பிரிங்தான் வரும், கனம் அதிகம், உங்கள் எடைக்கு ஏற்றபடி மாற்றவும் பெரிதாக வழி இல்லை. நான் இரண்டு வருடம் அதில் ஓட்டிவிட்டு, அப்புறம் 120 மில்லிமீட்டர் அமுங்குகிற ஏர் ஃபோர்க் ஒன்றைப் பழசாக வாங்கி மாட்டினேன். காற்று அளவை வைப்பது சுலபம்: ஃபோர்க் குழாயில் இருக்கிற ரப்பர் வளையத்தை சீல் வரைக்கும் கீழே தள்ளிவிட்டு, தண்ணீர்ப் பையெல்லாம் மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறி நின்று, ஆட்டாமல் இறங்கி, வளையம் எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். 120-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு அமுங்கியிருந்தால் எனக்குச் சரியாக இருக்கிறது. வளையம் இல்லாத ஃபோர்க் என்றால் ஒரு ஜிப் டை கட்டிக்கொள்ளலாம்.

பிரேக், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற ஹைட்ராலிக் டிஸ்க்தான், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கேபிள் பிரேக்கில் இறக்கம் முழுக்க நான்கு விரலால் இறுக்கிப் பிடித்துக் கை வலிக்கும், ஹைட்ராலிக்கில் ஒரு விரல் போதும், மீதி மூன்று விரலும் ஹேண்டில்பாரை விடாமல் பிடித்திருக்கும். கியரைப் பொறுத்தவரை முன்னால் ஒரே பல் சக்கரம் இருப்பது நல்லது, என்னுடையது முன்னால் 32 பல், பின்னால் 11-லிருந்து 46 வரை. கலுங்கிலிருந்து, அதாவது கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கல் கட்டிலிருந்து, கரைக்கு ஏறுகிற திடீர் மேட்டில் எந்தப் பக்கம் மாற்றுவது என்று யோசிக்காமல் ஒரே கட்டைவிரலால் வேலை முடிகிறது, செயினும் கழன்று விழுவதில்லை. சீட்டைப் பட்டன் அமுக்கி இறக்குகிற டிராப்பர் போஸ்ட் எனக்கு இன்னும் தேவைப்படவில்லை. பெடல், ஊசி வைத்த தட்டைப் பெடல், கூடவே அடி தட்டையான ரப்பர் ஷூ. காலைப் பூட்டுகிற பெடல் வேண்டாம், கரையில் எந்த நொடியிலும் காலை ஊன்ற வேண்டி வரும்.

இப்போது டயர். இதில்தான் கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும்.

டியூப் போட்டு ஓட்டிய காலத்தில் ஒரு காலைக்கு இரண்டு பஞ்சர் சாதாரணம், ஒரு நாள் ஐந்து. வேலிக்காத்தான் காயை ஆடு மாடு தின்று சாணியோடு விதை போட்டு, அது கரை, வரப்பு, கண்மாய் உள்வாய் எல்லா இடத்திலும் முளைத்துக் கிடக்கிறது. கரி மூட்டத்துக்கு வெட்டிக்கொண்டு போன பிறகு சிந்திக்கிடக்கிற மிலார்தான் பச்சை மரத்தைவிட மோசம், புழுதியின் அடியில் கண்ணுக்கே தெரியாது. டியூபுக்குள் ஊற்றுகிற மருந்து, உள்ளே வைக்கிற பட்டை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டியூப்லெஸ், அதாவது டியூபே இல்லாமல் டயருக்குள் சீலன்ட் மட்டும் ஊற்றி ஓட்டுவது.

முதல் தடவை மாற்றியபோது பழங்காநத்தத்தில் ஒரு பஞ்சர் கடையில்தான் செய்தோம். ரிம்முக்கு டேப் ஒட்டி, வால்வு மாட்டி, டயரையும் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வீட்டுப் பம்பில் எவ்வளவு அடித்தாலும் டயர் ரிம்மில் உட்காரவில்லை, அடிக்க அடிக்க ஓரமாகக் காற்று போய்க்கொண்டே இருந்தது. கடை அண்ணன் அந்த ஒல்லி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு நம்ம கன்னு பிடிக்காதே தம்பி” என்றார். நான் பித்தளை அடாப்டரைக் கொடுத்தேன். வால்வின் முனையில் இருக்கிற சின்ன நட்டைத் தளர்த்தி, அடாப்டரைத் திருகி, டயர் ஓரம் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவச் சொன்னேன். அவர் கம்ப்ரஸரைத் திறந்துவிட்டதும் டயர் ஒரே மூச்சில் உப்பி, டப் என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டப். இரண்டு ஓரமும் ரிம்மில் ஏறிப் பூட்டிக்கொண்டது. “லாரி டயர் மாதிரியே உக்காருதே” என்று அவர் சிரித்தார். அதற்கப்புறம் வால்வின் உள் ஊசியைக் கழற்றி, அதன் வழியாகவே நூறு மில்லி சீலன்ட் ஊற்றி, ஊசியைப் போட்டு, காற்றடித்து, சக்கரத்தைத் தட்டு மாதிரி இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்துச் சுற்றினோம். இப்போது அந்த அண்ணன் கடையிலேயே ஒரு அடாப்டர் தொங்குகிறது, என்னைத் தவிர இன்னும் சிலர் வருகிறார்களாம்.

எங்கள் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றுகிறேன். காற்று அளவு, என் 66 கிலோவுக்கு 2.35 இஞ்ச் டயரில் முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. முப்பத்தைந்து நாற்பது அடித்துக்கொண்டு சரளையில் வழுக்குகிறது என்பவர்கள் முதலில் காற்றைக் குறைத்துப் பாருங்கள். டயர் தரையில் படிந்து உட்காருவது கையிலேயே தெரியும்.

சரளை என்றதும் ஒரு விழுதலைச் சொல்ல வேண்டும். வடிவேல்கரைப் பக்கம் ஒரு கண்மாயில் கரை முடிந்து கலுங்குக்கு இறங்குகிற இடத்தில் ஒரு வளைவு. மேலே உதிரிச் சரளை, கோலிக்குண்டு மேல் நிற்பது மாதிரி இருக்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும், நான் வளைவுக்குள் போய் முன் பிரேக்கைத் தொட்டேன். முன் சக்கரம் காலுக்கடியில் கம்பளத்தை இழுத்த மாதிரிப் போய்விட்டது. இடது முழங்கை கிழிந்தது, தலை கலுங்குக் கல்லில் மோதியது. எழுந்து உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால் வெளியே ஒரு கீறல்தான், உள்ளே வெள்ளை தெர்மாகோலில் காதுக்கு மேலிருந்து பின்பக்கம் வரைக்கும் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அந்த வெடிப்பு என் மண்டையில் ஓடியிருக்க வேண்டியது. அந்த ஹெல்மெட்டை இன்னும் வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது, அதனால் இன்னொன்று வாங்கினேன். ஊருக்குள் வெறும் கரைதானே என்று ஹெல்மெட் இல்லாமல் வருகிறவர்களை நான் கூட்டிக்கொண்டு போவதில்லை.

மழைக்காலத்தில் இந்தக் கரைகள் வேறு. திருமங்கலம் பக்கம் போனால் கரிசல், ஒரு மழை பெய்துவிட்டால் மண் டயரில் ஒட்டி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைந்து, பத்தடியில் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வழி. செம்மண் கரையில் ஒட்டாது, ஆனால் ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் டயர் தடம் பள்ளமாகி, அடுத்த மழைக்கு அந்தப் பள்ளம் வழியாகத்தான் தண்ணீர் கரையை அறுக்கும். அது விவசாயிகளின் கரை. அதனால் நல்ல மழை பெய்தால் மூன்று நான்கு நாள் அந்தப் பக்கமே போவதில்லை.

இந்தக் கரைகளில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: ஆட்டுக் கிடை, ராத்திரிக்கு மந்தையை அடைத்து வைக்கிற இடம். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டிருப்பார்கள், நாய் கட்டாயம் இருக்கும். ஒருமுறை விடியற்காலையில் மூன்று நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன, வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். தூரத்திலிருந்து மந்தைக்காரர், ஒரு கீதாரி, சத்தம் போட்டார், “ஏப்பா, எறங்கிருப்பா! எறங்கி உருட்டிட்டு வா, ஒண்ணும் பண்ணாது!” இறங்கினேன். நாய்கள் நின்றுவிட்டன. கிட்டே போனதும், “ஓடுற சக்கரத்தப் பாத்தாத்தான் வெரட்டும், நடக்குற ஆளத் தெரியும் அதுக்கு” என்றார். “சரிங்கய்யா” என்று சொல்லி ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் ஹேண்டில்பாரில் ஒரு பழைய பித்தளை மணி மாட்டியிருக்கிறேன், கிடை கண்ணில் பட்டதும் தூரத்திலேயே அடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

எனக்கு ரொம்பப் பிடித்த பாதை அரிட்டாபட்டி. மேலூர் ரோட்டில் நரசிங்கம்பட்டியிலிருந்து உள்ளே திரும்ப வேண்டும். பாறைக் குன்றுகள், நடுவில் சுனைகள், கண்மாய்கள், இரண்டாயிரம் வருடத்துத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில் அந்தப் பக்கத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது, ஊர் ஊராக ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள், 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். லகர் வல்லூறு கூடு கட்டுகிற பாறைகள் அவை. அங்கே போனால் நான் மணிகூட அடிப்பதில்லை.

ரத்து ஆன சில வாரத்தில் ஒரு நாள் காலையில் தனியாகப் போயிருந்தேன். கண்மாய்க் கரையில் வண்டியைச் சாய்த்துவிட்டு, ஃபோன் மேப்பில் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தார். ஹெல்மெட்டையும் முதுகுப் பையையும் ஃபோனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சர்வே எடுக்க வந்தியாப்பா?”

“இல்ல ஆத்தா, சும்மா சைக்கிள் ஓட்ட வந்தேன். மதுரைதான், பழங்காநத்தம்.”

“எடம் கிடம் அளக்குறியோன்னு பாத்தேன்” என்றார். முகம் அப்போதும் முழுசாகத் தெளியவில்லை. டயரைத் தொட்டுப் பார்த்தார், அமுக்கினார், “என்ன இம்புட்டுத் தடியா இருக்கு” என்றார். முள்ளுக்காகத்தான் என்று சொல்லி, ஏறியிருந்த ஒரு முள்ளைப் பிடுங்கிக் காட்டினேன். வெள்ளையாக வந்த சொட்டைக் குனிந்து பார்த்தார்.

“பாலாட்டம் வருதே” என்றவர், நான் போக நினைத்த பக்கத்துக்குக் கையை நீட்டி, “அங்கிட்டுப் போகாத, முள்ளு வெட்டிப் போட்டுருக்காக. இந்தா, இந்தப் பனை ஓரமா ஒரு ஒத்தையடி போகுது பாரு, ஆடு போற தடம். அதுல போனா நேரா ஊருக்குள்ள ஏறிரும்” என்றார்.

மேப்பில் அந்தப் பாதை இல்லை. ஃபோனைப் பையில் போட்டுவிட்டு அதில்தான் போனேன்.